ஈரம் காயாத அம்பு

கல்லில் இருந்த மஞ்சள் அம்பு விரலில் ஒட்டியது.

அம்புக்காரர் விரலை முகர்ந்து பார்த்தார். பெயிண்ட்தான், அடித்துச் சற்று நேரம்கூட ஆகாத பெயிண்ட். ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடக்க வருகிறவர்களுக்காகக் கல்லிலும் மரத்திலும் பழைய கிராமங்களின் சுவர்களிலும் அம்பு போட்டு வழிகாட்டுவது அவர் வேலை. சொந்தக்காரர்களே பெயரை மறந்து அந்தப் பட்டத்தில்தான் அவரைக் கூப்பிட்டார்கள். ஆனால் இந்த வருஷத்து வேலையை அவர் இன்னும் தொடங்கவே இல்லை. டப்பா வீட்டுப் பரணில் இருந்தது. தவிர, அவர் நின்றபடி நெஞ்சு உயரத்தில் போடுவார். இது முழங்கால் உயரத்தில் இருந்தது.

"என்னப்பா, கல்லுக்கு வைத்தியம் பாக்கறீங்களா?" என்றாள் மகள். லீவுக்கு வந்தவள், அப்பா போட்ட பாதையில் நடந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். தாயில்லாப் பிள்ளை. அவள் கேட்டு அவர் மாட்டேன் என்றதில்லை.

"ஒண்ணுமில்லம்மா. நட."

சரிவில் மாலை வெயில் சாய்ந்திருந்தது. புல்லும் ஈரமண்ணும் மணக்க, கீழே மரங்களுக்குப் பின்னால் ஆறு கண்ணில் படாமல் இரைந்துகொண்டே கூட வந்தது. மலைப்பக்கம் மழை போலிருக்கிறது, இரைச்சல் கனமாக இருந்தது. முதல் கிராமத்தில் ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது.

"பேத்தியையும் தொழில்ல இறக்கிட்டீங்க போல," என்றார் கடைக்காரர் டீயை நீட்டியபடி. "இப்பத்தான் அம்மாவும் பொண்ணுமா அம்பு போட்டுக்கிட்டே போனாங்க. அம்புக்கு வாலை வளைக்குது பாருங்க அந்தப் புள்ள, அப்படியே உங்க கை!"

"எனக்கே இன்னும் கல்யாணம் ஆகல, அதுக்குள்ள பேத்தியா?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்புக்காரர் டீயைக் குடிக்காமல் அப்படியே பெஞ்சில் வைத்தார்.

ஆற்றைக் கடக்க இரண்டு வழி உண்டு. வெயில் காலத்தில் கல் மேல் கால் வைத்துத் தாண்டும் துறை. மழைக்காலத்தில் மேலே இருக்கும் பாலம். மழை தொடங்கியதும் துறைக்கு இழுக்கும் அம்புகளையெல்லாம் கருப்படித்து மறைத்துவிட வேண்டும். போன மழையில் அவர் மறைக்கத்தான் செய்தார், இந்தக் கரையில் மட்டும். தூறல், முதுகுவலி, அக்கரையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அலட்சியம். எதிர்முனையிலிருந்தும் ஆள் நடந்து வருவார்கள் என்பது அன்றைக்கு அவர் புத்தியில் உறைக்கவில்லை. ஒரு தாயும் அவள் சின்னப் பெண்ணும் வந்தார்கள். அம்பை நம்பி இறங்கினார்கள்.

உடல்கள் கிடைப்பதற்குள் அவர் அக்கரைக்கு ஓடிக் கருப்படித்துவிட்டார். விசாரிக்க வந்தவர்களிடம், "நான் அப்பவே அழிச்சிட்டேங்க, அந்தம்மாதான் திமிரா புள்ளையையும் இழுத்துக்கிட்டு இறங்கியிருக்கு," என்றார். ஊரும் அதையே சொன்னது. பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்ற பழியோடு அவளைப் புதைத்தார்கள்.

"திரும்பிடலாம்மா. முட்டி வலிக்குது."

"இன்னும் கொஞ்ச தூரந்தான்பா. நீங்க மெதுவா வாங்க." அவள் முன்னால் போய்விட்டாள்.

இரண்டாவது கிராமத்தில் ஆளே இல்லை. கதவு கழன்ற வீடுகளுக்குள் இருட்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. முன்னால் தெரிந்த ஒவ்வொரு சுவரிலும் தாழ்வாக ஒரு மஞ்சள் அம்பு, பெயிண்ட் வழிய வழிய, வால் வளைந்து. பெயிண்ட் நாற்றத்தோடு ஆற்றுச் சேற்றின் நாற்றமும் அடித்தது. துண்டால் ஒன்றை அழுத்தித் துடைத்தார். துண்டும் கையும்தான் மஞ்சளாயின. அம்பு அப்படியே இருந்தது.

வந்த வழியே ஓடிவிடலாமா என்று திரும்பினார். சற்றுமுன் அவர் தாண்டி வந்த வெறும் சுவர்களிலும் இப்போது அம்புகள் இருந்தன. எல்லாம் ஆற்றைத்தான் காட்டின.

"அம்மாடி! நில்லு!"

பதில் கீழேயிருந்து வந்தது, இரைச்சலுக்கு நடுவிலிருந்து. "அம்பு போட்டிருக்குப்பா! நீங்கதானே சொல்வீங்க, நம்ம அம்பைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு?"

ஓடினார். முட்டி மடங்கியது. எழுந்தார். மரங்கள். சேறு. சேற்றில் மகளின் செருப்புத் தடம். அதன் இருபுறமும் வெறுங்கால் தடங்கள். ஒன்று பெரியது. ஒன்று மிகச் சின்னது.

கரை.

செம்மண் நிறத்தில் வெள்ளம். துறைக் கற்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. நடு ஆற்றில், மார்பளவு தண்ணீரில், மகள் அவரைப் பார்த்து நின்றிருந்தாள். கட்டையும் கிளையும் அடித்துக்கொண்டு போகும் அந்த வெள்ளத்தில் அவள் அசையவே இல்லை. அவள் தோளைச் சுற்றி ஒரு பெண்ணின் கை. வெளுத்து, ஊறி, உப்பிய கை. மகளின் இடுப்பில் ஒரு குழந்தை.

"நான்தான்!" அம்புக்காரர் கத்தினார். "அக்கரையில நான் அழிக்கவே இல்ல! பொய் சொன்னேன்! உன் மேல ஒரு தப்பும் இல்ல தாயி! எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். எம் பொண்ண விட்டுடு!"

குழந்தை தலையைச் சாய்த்துக் கேட்டது. தெரிந்த சங்கதிதான் என்பதுபோல் தலையை ஆட்டியது.

பிறகு அது கையை உயர்த்தியது. சொட்டச் சொட்ட மஞ்சள் விரல். மகளின் நெற்றியில் வைத்து, முதலில் வாலை வளைத்தது. மூக்கு, உதடு வழியாகத் தாடை வரை ஒரு கோடு. தாடையில் முனை.

முனை கீழே பார்த்தது.

மகள் சிரித்தாள். சரியான வழி தெரிந்துகொண்ட நிம்மதியோடு, அவர் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்ல முழங்காலை மடக்கினாள்.