வண்ணக்குளத்தின் ஆடை

குழாயைத் திறந்ததும் தண்ணீர் விழவில்லை, இறங்கியது. கெட்டியாக, அவசரமே இல்லாமல், சின்னச் சத்தம்கூட எழுப்பாமல் டம்ளருக்குள் இறங்கி உட்கார்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் மெல்லிசாக ஓர் ஆடை படிந்தது. காய்ச்சி ஆறிய பாலின் மேல் படியுமே, அதே ஆடை. பச்சைத் தண்ணீரின் மேல்.

டம்ளரைத் தள்ளிப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அவள்.

இத்தனைக்கும் அவள் லேசுப்பட்டவள் அல்ல. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவைக் கட்டி ஆண்டவள். சீழும் ரத்தமும் இன்னும் சொல்லக் கூடாததும் அப்பிய படுக்கை விரிப்புகள் மலைமலையாகக் குவிந்திருக்க, அவற்றுக்கு எதிரிலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தவள். ஆனால் பாலாடை? ஈரேழு உலகத்திலும் அது ஒன்றுதான் அவளை ஓட ஓட விரட்டும். கல்யாணமான நாள்தொட்டு, தேநீரில் மிதக்கும் ஆடையைக் கரண்டியால் வழித்து அவள் நீட்டுவதும், கணவர் குருவிக்குஞ்சு மாதிரி வாயைப் பிளந்து வாங்கிக்கொள்வதும் வழக்கம். காதல் என்றால் இவ்வளவுதான் போல என்று இருவருமே முடிவுகட்டியிருந்தார்கள்.

"ஏங்க, டேங்குல எங்க தண்ணி பிடிச்சீங்க?"

வேனின் பின்பக்கக் கட்டிலில் அவர் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தார். குடிநீர் வாரியத்தில் குழாய் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாய் குடித்தால் போதும், எந்தத் தொட்டித் தண்ணீர், அதைக் கழுவி எத்தனை நாளாச்சு, உள்ளே செத்துக் கிடப்பது எலியா பல்லியா என்பது வரை சொல்லிவிடுவார் என்று அலுவலகமே பீற்றிக்கொள்ளும்.

"எங்கயா? அங்கதான்."

ஜன்னலுக்கு வெளியே, சின்ன மேட்டின் மேல், வண்ணக்குளம். கல்யாணமான புதிதில் காலண்டரில் பார்த்து, போகலாம் போகலாம் என்று பிள்ளைகள் படிப்பு, பேரப்பிள்ளைகள் காய்ச்சல், மூட்டுவலி எல்லாம் தாண்டி, கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்து நேற்று ஒருவழியாக வந்து சேர்ந்த உலக அதிசயம். நடுவில் நீலம், சுற்றிப் பச்சை, மஞ்சள், விளிம்பில் துரு. படத்தில் கொள்ளை அழகு. நேரிலோ, ஈரத்துணியை மூட்டை கட்டி மூலையில் போட்டு மறந்துபோன வாடை, துணிக்குள் எதுவோ வெதுவெதுப்பாக உயிரோடு இருப்பது போன்ற வாடை. வந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் பிடித்தது. மாலை மழை இருட்டியதும் கிளம்பிவிட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் இவர்கள் வேன் மட்டும்.

"தொடாதேன்னு அவ்ளோ பெரிய பலகை வச்சிருக்கான்!"

"நான் எங்கம்மா தொட்டேன்? ஹோஸ்தான் போட்டேன்." கிளுகிளுவென்று சிரித்தார். "மேல ஆடை கட்டியிருந்துச்சு. ஒரு விரல் வழிச்சு நாக்குல வச்சேன் பாரு, அடடா! எந்தத் தொட்டின்னு என்னாலயே கண்டுபிடிக்க முடியல. அதான் டேங்க் முழுக்க ரொப்பிட்டேன். நீ உன் பாட்டில் தண்ணியவே கட்டிக்கிட்டு அழு. இன்னொரு டம்ளர் குடு."

அவர் முகத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. ஊதிய பலூன் போல உப்பி, மினுமினுவென்று. தோளைத் தொட்டாள். விரல் உள்ளே அமுங்கியது. எடுத்தபோது தோல் விரலோடு கொஞ்ச தூரம் வந்து, மனமில்லாமல் விட்டது.

அவளிடம் பிடுங்கிய டம்ளரை அவர் வாயில் கவிழ்த்தார். மடக்.

வெளியே, குளத்தின் மேல் ஆடை சுருங்கி விரிந்தது.

மடக். சுருங்கி விரிந்தது.

"வாங்க, டாக்டர்கிட்ட போயிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

"இத வுட்டுட்டா? டேங்க் காலியாகுற வரைக்கும் நான் அசையமாட்டேன்."

காலியாகும்வரைதானே? அவரை முழுசாக வீட்டுக்குக் கொண்டு சேர்க்க அவளுக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது. இறங்கினாள். வேனுக்கு அடியில் குனிந்து, மூச்சை அடக்கி, டேங்கின் வடிகால் திருகைத் திறந்துவிட்டாள். பிழியாத விரிப்பு மாதிரி தொங்கிக்கொண்டு வந்தது தண்ணீர். மண்ணில் ஊறவில்லை. மேட்டைப் பார்த்து ஏறியது.

"ஏய்... என்னம்மா பண்ற?" உள்ளிருந்து குரல்.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். சும்மா கிடங்க!"

"மூடும்மா..." குரலிலிருந்து காற்றுப் போனது. "மூடு..."

அவள் மூடவில்லை. கடைசிச் சொட்டும் மேடேறியது. பிறகுதான் ஏறிப் பார்த்தாள்.

கட்டிலில் சட்டை. பொத்தான் போட்டபடி. தட்டையாக.

காலருக்கு மேலே, டம்ளர் விளிம்பில் ஒதுக்கிய ஆடை போல, மடிந்து மடிந்து, வெளிறிய ஒன்று. மீசை அப்படியே இருந்தது. மீசைக்குக் கீழே அசைந்தது.

"பாதியாவது... ரொப்பும்மா."

அந்தத் தண்ணீர் இனி இருந்த இடம் குளம் ஒன்றுதான். கையை நீட்டினாள். கை போக மறுத்தது. எத்தனையோ அழுக்கை அள்ளிய கை. கரண்டியை எடுத்தாள். காலரிலிருந்து வழித்தாள். வழுக்கியது. மறுபடி வழித்தாள். ஒரு சுருட்டாக வந்தது. இரண்டு பக்கமும் தொங்கியது. கனமே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினாள். வாடை. வெதுவெதுப்பு. கரண்டியைக் குளத்துக்கு மேல் நீட்டினாள்.

குளத்தின் ஆடை நடுவில் கிழிந்தது. வட்டமாக. அகலமாக. குருவிக்குஞ்சு மாதிரி. அப்படியே பிளந்து வைத்துக்கொண்டு, அவள் கரண்டியைப் பார்த்து, அது கிளுகிளுவென்று சிரித்தது.