நரிக்குட்டி சப்பிய விரல்

மீன்தொட்டியின் மேல் படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. தூசுக்காகச் சும்மா எடுத்துப் போட்டதல்ல. நாலு மூலையும் இழுத்து மடித்து, கண்ணாடி எங்கேயும் தெரியாதபடி வரிசையாகக் குண்டூசி குத்தி, தையற்காரர் வீட்டு வேலைக்கே உரிய சுத்தத்தோடு செய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. வெளியே யாரோ பீய்ச்சுக்குழாய் பிடித்து வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் வேலை முடிந்து வந்தவள், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் அந்த விரிப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னங்க, மீனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அந்தத் தண்ணிச் சத்தம் புடிக்கல," என்றார் அவள் கணவர், தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்து.

குரல் கரகரத்திருந்தது. பதினான்கு வருஷமாக அந்தத் தொட்டியின் குமிழிச் சத்தம் இல்லாமல் அவருக்குக் கத்திரிக்கோலே ஓடாது. மின்சாரம் போனால் மெஷினைப் பற்றிக் கவலைப்படாமல் மீனைப் பற்றிக் கவலைப்படுகிற மனுஷன். இப்போது ஜன்னல் எல்லாம் சாத்தி, வலது கை ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, முன்னால் கிடந்த பள்ளிச் சட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இயந்திர எண்ணெய், புதுத்துணியின் கஞ்சி, அவற்றுக்கு மேல் புளித்த வியர்வை வாடை.

"விரல் இன்னும் குறுகுறுங்குதா?"

"ஊசி குத்துனதுதான் டாக்டரம்மா. தையற்காரன் விரல்ல ஓட்டை இல்லாம இருக்குமா?"

அவள் டாக்டர் இல்லை. அடிபட்டதும் அநாதையானதுமாக வந்து சேரும் காட்டு விலங்குகளுக்குக் காப்பகத்தில் பால் புகட்டி, கூண்டு கழுவி, காயம் கட்டுகிறவள். பட்டம் அவர் கொடுத்தது. கேலிக்குத்தான் என்றாலும், வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

சமையலறைக்குள் போனாள். காலையில் அவள் நிரப்பி வைத்த கூஜா நிரப்பினபடியே இருந்தது. குழாயின் வாயில் துணி சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. குளியலறையில் வாளி கவிழ்ந்து கிடந்தது. தரை காய்ந்திருந்தது. மேலே மாட்டியிருந்த பூந்துவாலையும் காய்ந்திருந்தது.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள்.

இரண்டு மாதம் முன்பு, பட்டப்பகலில், ஒரு பெண் நரி பள்ளிக்கூடத் தெருவில் வந்து உட்கார்ந்தது. ஆட்களைக் கண்டு ஓடவில்லை. நன்றாகப் பழகிவிட்டது என்று எல்லோரும் படம் பிடித்தார்கள். மறுநாள் லாரியில் அடிபட்டுச் செத்தது. சாக்கடை ஓரம் ஒரு குட்டி மட்டும் கிடைத்தது.

வெறிநோய் கண்ட காட்டு விலங்கு சீறிக்கொண்டுதான் வரும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் அப்படி இல்லை. இருட்டில் அலைய வேண்டியது பகலில் வரும். மனிதனுக்குப் பயப்பட வேண்டியது பயப்படாது. பின்னங்கால் தள்ளாடும், தாடை தொங்கும், தொண்டையில் ஒன்றும் இறங்காது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் பாடம் நடத்துகிறவளே அவள்தான். ஆனால் குட்டி போட்ட நரி பசிக்குப் பகலிலும் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் தனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டாள்.

காப்பகத்தில் இடமில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தாள். மூன்று மணிக்கொரு தடவை பால் கொடுக்க வேண்டும், பகலில் வீட்டில் இருப்பவர் அவர். குட்டி கத்தினால் என்ன செய்வது என்று கேட்டார். காப்பகத்தில் எல்லோரும் செய்வதைத்தான் சொல்லிக் கொடுத்தாள். வாயில் விரலை வைத்தால் சப்பிக்கொண்டே அடங்கிவிடும். காப்பகத்து ஆட்கள் எல்லோரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டவர்கள். அவர் போடவில்லை. அந்த ஒன்றை மறந்தாள்.

பிள்ளை இல்லாத வீடு. அவர் அதைச் சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்; வெட்டு மேஜைக்கு அடியில் துண்டுத்துணியில் படுக்கை போட்டுக் கொடுத்தார். ஐந்தாம் நாள் பால் கடைவாயில் வழிந்தது, குரல் கம்மியது, கால் இழுத்துக்கொண்டது, செத்தது. தலையை வெட்டி வெறிநோய்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் சொன்னபோது, "வேண்டாம்மா, முழுசாப் போகட்டும்," என்று அழுதார். அவர் அழுது அதுவரை அவள் பார்த்ததில்லை. புதைத்தார்கள். பலவீனத்தால் இறந்தது என்று பதிவேட்டில் அவளே எழுதினாள்.

காப்பக மருத்துவருக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன். நீ பக்கத்துலயே இரும்மா," என்றார். காப்பாற்றலாம் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நோய்க்குறி தெரிந்த பிறகு என்ன ஆகும் என்பதும் அவள் நடத்தும் பாடத்தில் இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. வெட்டு மேஜைக்கு அடியில், துண்டுத்துணிகளின் நடுவே ஒடுங்கிக் கிடந்தார். வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது.

"தாகமா இருக்கு," என்றார்.

அவள் அவர் பக்கத்தில் தரையில் படுத்தாள்.

தெருவில் மறுபடி பீய்ச்சுக்குழாய். தகரத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம். அவர் கழுத்து இழுத்தது. தொண்டை ஏறி இறங்கியது. மூச்சு நின்று, வந்தது. கண்ணில் அவள் பார்த்தறியாத பயம். இல்லை. பார்த்திருக்கிறாள். கூண்டுக்குள்.

சத்தம் நின்றது. அவர் மெல்லத் தெளிந்தார். அவளை அடையாளம் கண்டார்.

"சின்னவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

அவள் தலையசைத்தாள்.

"பாவம். எவ்வளவு தாகமா இருந்திருக்கும். நான் பாலக் காட்டிக்கிட்டே இருந்தேன்."

அவள் அழுதாள். நான்தான் கொன்றேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குழாய் மறுபடி. அவர் கத்தினார். அது கத்தலும் இல்லை. கம்மிய, உடைந்த, ஒற்றைக் குரைப்பு. ஐந்தாம் நாள் கேட்ட அதே குரல். அதே இடத்திலிருந்து, மேஜைக்கு அடியிலிருந்து.

அவள் கை தானாக நீண்டது. அவர் உதட்டில் விரலை வைத்தாள்.

அடங்கினார்.

உதடு விரலைப் பற்றியது. சப்பினார். மெதுவாக, கண்ணை மூடி, வயிறு நிறைந்த குட்டிபோல. தூரத்தில் சைரன். ஜன்னல் இடுக்கில் பட்டப்பகல் வெயில். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தாடை இறுகியது. இன்னும் இறுகியது. பல் தோலில் இறங்குவது தெரிந்தது. பிறகு எலும்பில்.

அவள் விரலை எடுக்கவில்லை. மறு கையால் அவர் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.