போகச் சொல்லும் சொல்

கத்திரி வெயிலில் அரியலூர் வீடுகளின் சிமெண்டுத் தரை வெறுங்காலைச் சுடும். அப்படிச் சுட வேண்டிய தரையில், வாசற்கதவுக்கு உட்புறம், ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் மட்டும் சில்லென்று இருந்தது. தண்ணீர் கொட்டியிருக்கும் என்று நினைத்து மலர்கொடி துணியைப் போட்டுத் துடைத்தாள். துணி நனையவில்லை. குனிந்தபோது ஆற்று மீன் வாடையும் ஈர விறகுப் புகையும் மூக்கில் ஏறின. அந்தத் தெருவில் விறகடுப்பே கிடையாது.

ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் கணவன் அரவிந்தனுக்குப் போன் செய்தாள்.

"ஊரே வெந்துகிட்டு கெடக்கு, உனக்கு மட்டும் வூட்டுக்குள்ள ஊட்டியா? பாய விரிச்சுப் படுடி" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அந்த இடத்தைப் பார்த்தபடிதான் அவள் ஒரு பழஞ்சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

அவள் பிழைப்பு அப்படி. சைபீரியாவில் யெனிசே ஆற்றங்கரை மொழிகள் ஒரு குடும்பம். கேட் என்ற ஒன்றை மட்டும் இன்னும் சில முதியவர்கள் பேசுகிறார்கள், மற்றவை செத்துப்போயின. அந்தக் காலப் பயணிகள் காதால் கேட்டு எழுதிவைத்த சொற்களை ஒப்பிட்டு, இவை எல்லாவற்றுக்கும் தாயான மொழியில் ஒரு சொல் எப்படி இருந்திருக்கும் என்று கட்டியெழுப்ப வேண்டும். கட்டிய சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். உயிரோடிருக்கும் எவரும் இதைக் கேட்டதில்லை என்று பொருள். வீட்டிலேயே கணினி முன் உட்கார்ந்து செய்வதால், அக்கம்பக்கத்தார் இதை வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை.

இன்று கட்டியது 'வா' என்ற சொல். நாக்கில் சரியாக உட்காருகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். ஒரு மகள்மொழிக்கு ஒரு தடவையாக, மூன்று தடவை சொன்னாள். வாசற்கதவு திறந்திருந்தது.

அவள் மகள் நந்தினிக்கு ஐந்து வயது. உச்சிவெயிலில் யாராவது பேர் சொல்லி அழைத்தால் உடனே குரல் கொடுக்கக் கூடாது, மூன்றாவது தடவைக்குத்தான் போக வேண்டும் என்று மலர்கொடி அவளைப் பழக்கியிருந்தாள். மனிதர் அல்லாதது மூன்று தடவை கூப்பிடாது என்பது ஊர் நம்பிக்கை. படித்தவளுக்கு இதில் கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் சொல்லிக்கொடுத்திருந்தாள். "மூணு தடவ கூப்பிட்டா அது அம்மாதான், சரியா?"

மத்தியானம் சுண்ணாம்புக் குவாரியில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்து அடங்கின. அந்த அமைதியில் மலர்கொடிக்குத் தன் குரலே கேட்டது. அவள் வாய் திறக்கவில்லை.

"நந்தினி."

வாசல் பக்கமிருந்து வந்தது. பின்கட்டில் பொம்மையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த குழந்தை தலையை நிமிர்த்தி, ஒரு விரலை மடக்கிவிட்டுக் காத்திருந்தது.

மலர்கொடி ஓடிப்போய் அவளை அள்ளினாள். "நான் கூப்பிடல கண்ணு. இனிமே யாரு கூப்பிட்டாலும் போவாத. எத்தன தடவ கூப்பிட்டாலும்."

"நீ கூப்பிட்டா?"

மலர்கொடி வாசலைப் பார்த்தாள்.

வெளியே போக அந்தச் சில்லிப்பைத் தாண்ட வேண்டும். கொல்லையில் ஆள் உயரச் சுவர். அரவிந்தனுக்கு மறுபடி போன் போட்டாள், அடித்து அடித்து ஓய்ந்தது. "உள்ளாற தாப்பா போட்டுக்க" என்று குழந்தையைப் படுக்கையறையில் விட்டுவிட்டு, கணினி முன் உட்கார்ந்து 'போ' என்ற சொல்லைத் தேடினாள்.

இன்னும் பேசப்படும் அந்த ஒரே மொழியில்தான் அது மிஞ்சியிருந்தது. பயணிகள் தீயைக் கேட்டிருக்கிறார்கள், தண்ணீரை, நாயை, வா என்பதைக் கேட்டிருக்கிறார்கள். போகச் சொல்லும் சொல்லைக் கேட்டு எழுத எவருக்கும் தோன்றவில்லை. ஒற்றைச் சாட்சியை வைத்துத் தாய்ச்சொல்லைக் கட்டக் கூடாது என்பது அவள் தொழிலின் பாலபாடம். இருந்தும் கட்டினாள். வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

சில்லிப்பு நகர்ந்தது. உள்பக்கமாக.

அவள் கணுக்காலைத் தொட்டு, தாண்டி, படுக்கையறைக் கதவருகே போய் நின்றது. மீன் வாடை. புகை.

"நந்தினி."

அவள் குரலேதான். அதே கொஞ்சல்.

"போவாத! அது நானில்ல!" என்று அலறினாள்.

"நந்தினி."

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"மூணு தடவ ஆயிடுச்சே. வந்துட்டேம்மா" என்றாள் நந்தினி. காலியாயிருந்த இடத்தைப் பார்த்து. கையைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது, யாரோ பிடித்திருப்பது போல. அந்த வெயிலில் குழந்தையின் வாயிலிருந்து வெண்மூச்சு வந்தது.

மலர்கொடி கையை நீட்டினாள். நந்தினி ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு அம்மாவை, யாரோ ஊர் பேர் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒரு சொல் சொன்னாள்.

கேட்டதுமே மலர்கொடிக்குத் தெரிந்துவிட்டது. இதுதான். தேடியது இதைத்தான். இனி நட்சத்திரம் வேண்டாம்.

அவள் கால்கள் கீழ்ப்படிந்தன.

தெரு. கொதிக்கும் மண். கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் கால் வைக்கப் பார்த்தாள். கால் எழவில்லை. மகள் பேரைச் சொல்லிக் கத்தினாள். ஒரு தடவை. இரண்டு. மூன்று.

உள்ளே அவள் குரல் கனிவாகப் பேசியது.

"வெளிய யாரு கூப்பிட்டாலும் போவக் கூடாது. சரியா கண்ணு?"

"எத்தன தடவ கூப்பிட்டாலுமாம்மா?"

"எத்தன தடவ கூப்பிட்டாலும்."

ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமிருந்து பனி படர்ந்தது. அதன் பின்னால் இரண்டு நிழல்கள் சாப்பிட உட்கார்ந்தன. பெரியது சின்னதின் வாயருகே கையைக் கொண்டுபோனது.