ஒன்று என்றால் பூஜ்யம்

அறைக்குள் யாரும் இல்லை. ஆனால் ஒருவர் இருப்பதாகத் திரை சொல்லிக்கொண்டிருந்தது.

தனலட்சுமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கறுப்பில் பச்சை எழுத்து. ‘உள்ளே’ என்ற சொல், அதற்கு எதிரே 1. எஸ்டேட் ஆட்களால் படிக்க முடியவேண்டும் என்று அந்தத் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அவளே வரைந்து சேர்த்திருந்தாள். சேலத்தில் கம்பெனியில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு அதில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாத ஒரு கர்வம் இருந்தது.

ஒரு வாரமாக மழை. நாகலூருக்கு மேலே அந்த எஸ்டேட்டில் பறித்த காப்பிப் பழம் வெயில் காணாமல் கொட்டகையில் குவிந்து கிடந்தது. புளித்த கள்ளும் ஈரச் சாக்கும் கலந்ததுபோன்ற அதன் வாடை, எஸ்டேட் கணக்கு எழுதுகிற, இப்போது அவள் உட்கார்ந்திருந்த ரைட்டர் ரூமின் சுவர்களில் ஏறியிருந்தது. எதிரே, நடைக்கு அந்தப் பக்கம், சூட்டு ரூம். கனத்த இரும்புக் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பின்பக்கம் விறகு அடுப்பு. அதன் அனலைப் பெரிய காற்றாடி ஒன்று உள்ளே தள்ளும். விடிய விடியத் தள்ளினால் பழம் காயும். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் ஆளும் காயும்.

அதற்காகத்தான் அவள் எழுதிய புரோகிராம். கதவு நிலையில் இரண்டு ஒளிக்கதிர்கள். வெளிக்கதிர் முதலில் மறைந்தால் ஆள் நுழைகிறார், ஒன்று கூடும். உள்கதிர் முதலில் மறைந்தால் ஆள் வெளியேறுகிறார், ஒன்று குறையும். அடுப்புப் பக்கத்து சுவிட்சைப் போட்டு, கணக்கும் பூஜ்யமானால் மட்டுமே கதவு தானாகச் சாத்திப் பூட்டும், காற்றாடி ஓடும். உள்ளிருந்து கூப்பிட ஒரு மணிப்பொத்தானும் உண்டு. ஈரம் பட்டு அது தானாகவே அடித்துக்கொண்டிருக்கிறது என்று மேனேஜர் போன மாதம் புகார் சொன்னார். கணக்கு பூஜ்யமாக இருக்கும்போது மணி அடித்தால் பொருட்படுத்தாதே என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள். ஆளே இல்லாத அறையில் யார் மணி அடிக்கப்போகிறார்கள்?

இன்று காலையிலிருந்து காற்றாடி ஓடவில்லை. திரையில் 1.

கதிர்களின் கண்களைப் பஞ்சால் துடைத்தாள். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினாள். உள்ளே போய்ப் பார்த்தாள். அப்போது திரை 2 என்றது, வெளியே வந்ததும் 1. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. கணக்கை அழித்தாள். 0. சற்று நேரத்தில், அவள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, திறந்திருந்த அதன் வழியே பனி மட்டும் மெல்ல அசைந்தது. திரும்பினாள். 1. மறுபடி அழித்தாள். மறுபடி 1. வெளிக்கதிர், பிறகு உள்கதிர். ஒவ்வொரு முறையும் அதே வரிசை. ஒருமுறைகூட வெளியேறும் வரிசை இல்லை. மத்தியானம் முழுக்க இப்படி எத்தனை முறை அழித்தாள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

மேனேஜர் கோவிந்தராஜ் குடையை உதறிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க மேடம், பனியக்கூட ஆளுன்னு எண்ணுதுங்களா உங்க மெசினு? அப்பறம் அதுக்கும் நாங்க கூலி குடுக்கோணுமே!”

“பனி கதிரை மறைக்காதுங்க சார். மறைச்சாலும் ரெண்டையும் வரிசையா மறைக்காது.”

“சரி, உள்ள ஆளு இருக்குதுங்களா?”

“இல்லைங்க.”

“அப்பறம் என்னங்க? பூஜ்யம்னு போட்டு ஓட்டி உடுங்க. விடிஞ்சா அத்தன பழமும் பூசணம் புடிச்சுப் போயிரும். உங்களுக்கும் கடைசி பஸ்ஸு போயிரும். அப்பறம் ராத்திரிக்கு இங்கயேதான் கெடக்கோணும், பாத்துக்குங்க.” சிரித்துக்கொண்டே, அவளை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட ஜீப்பை எடுக்கப் போனார்.

சிரிப்பு போனபிறகு மழைச் சத்தம் அதிகமானதுபோல் இருந்தது. அடுப்பு பார்க்கிற ஜேசுதாஸ் விறகுக் கட்டோடு நடையில் வந்தார். அவரை நிறுத்தி, வேறு எந்த எஸ்டேட்டிலும் கேட்காத இந்த ஆள் எண்ணும் வேலையை இங்கே மட்டும் ஏன் கேட்டார்கள் என்று விசாரித்தாள். ஐந்து மாதம் உழைத்து எழுதியும் அதை இன்றுதான் கேட்கிறோம் என்பது கேட்ட பிறகே உறைத்தது.

“உங்ககிட்டச் சொல்லலீங்களா அம்மணி?” அவர் கட்டை இறக்கவில்லை. “மழ நாள்ல பழம் பறிக்கிற பொம்பளைங்க, ஊட்டுக்குப் போறதுக்கு முந்தி, உள்ள போயிச் சித்த நேரம் குளுரு காயுவாங்க. நாங்களும் உள்ள ஆளு யாருன்னு சத்தம் போட்டுக் கேட்டுட்டுத்தான் கதவச் சாத்துவோம். போன வருசம் ஒரு சாயங்காலம், அவசரத்துல யாரும் கேக்கல.”

“யாரு உள்ள இருந்தது?”

“ஒருத்தின்னு எழுதுனாங்க.”

“எழுதுனாங்கன்னா?”

அவர் கதவைப் பார்த்தார். “அன்னைக்கு நொம்பக் குளுருங்க அம்மணி,” என்று மட்டும் சொன்னார். “இப்பத்தான் கம்ப்யூட்டரு எண்ணிக்குதே, கத்த வேண்டியதில்லைன்னு மேனேஜரு சொல்லிட்டாருங்க. நான் போயி அடுப்பப் பத்த வெச்சு சுவிச்சப் போட்டு வெக்கறனுங்க. பூஜ்யம் வந்தா அதுவே ஓடிக்கும்.”

அவள் விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். விரல்கள் குளிரில் மரத்திருந்தன. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற புரோகிராம்தான் நல்ல புரோகிராம் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் இதற்குத் தெரியாது என்று சொல்ல அவள் ஒரு வழியும் வைக்கவில்லை. எண் மட்டும்தான் வைத்தாள். அந்த எண் தனக்குப் பிடிக்காததைச் சொன்னதும், அதை நம்ப மறுப்பவளும் அவளேதான். ஒருவேளை அது சரியாகத்தான் எண்ணுகிறதோ? நினைப்பை உதறிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ். அம்மா காத்திருப்பாள். அடுத்த வாரம் வந்து சரியாகப் பார்த்து இதை எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு வரி. கணக்கு ஒன்று என்றால் பூஜ்யம் என்று கொள்.

ஓட்டினாள். 0 வந்தது. காத்திருந்தாள். மேசை விளக்கைச் சுற்றி ஈசல் ஒன்று முட்டியது. 0 அப்படியே இருந்தது. இப்போது உள்ளே ஒரே ஒருத்தி இருந்தாலும் அது 0 என்றுதான் சொல்லும்.

உண்மையிலேயே ஒருத்தி உள்ளே இருந்தால்? சுவிட்ச் இன்னும் போடவில்லை. கடைசியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கிளம்பலாம். ஜேசுதாஸிடம் சொல்ல வேண்டுமா? அடுப்பு கட்டிடத்தின் பின்பக்கம், மழையில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். தான் நுழைந்தால் திரை சொல்லிவிடும் என்று பழக்கத்தில் நினைத்தாள். அதற்குத்தானே அது.

நிலையைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தாள். நடைக்கு அப்பால் திரை தெளிவாகத் தெரிந்தது. பூஜ்யம் ஒன்றாகவில்லை. நேராக இரண்டானது.

அந்தப் பொய்க் கணக்கு ஒன்று, நான் ஒன்று, என்று சொல்லிக்கொண்டாள். அதுவும் நல்லதுதான். இரண்டு என்கிறவரை கதவு அசையாது.

உள்ளே ஒற்றை பல்பு. கூரைவரை அடுக்கிய தட்டுகளில் பழம் கறுத்துச் சுருங்கத் தொடங்கியிருந்தது. புளித்த வாடைக்கு அடியில் வேறொரு வாடை: ஈரக் கம்பளி, தேங்காய் எண்ணெய், மென்ற வெற்றிலை. வேலை முடிந்து மழையில் நனைந்து வந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்தால் பஸ்ஸில் வருமே, அந்த வாடை. கடைசி அடுக்குவரை போனாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். யாரும் இல்லை. சுவருக்குப் பின்னால் விறகு வெடித்தது, சுவிட்ச் போடும் ‘டக்’ கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். கதவு அசையவில்லை. நான் எழுதியது என்னைக் காக்கிறது என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

திரும்பி நடந்தாள்.

பாதி வழியில் அவள் முழங்கையை ஏதோ உரசிக்கொண்டு போயிற்று. ஈரம். குளிர். கம்பளியின் முடி தோலில் குத்தியது. அவளுக்கு முன்னால், கதவை நோக்கி, வெறுங்கால்கள் சிமெண்டில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம்.

சத்தம் நிலையைத் தாண்டியது.

திரையில் இரண்டு. பிறகு பூஜ்யம்.

ஓடினாள். கதவு முந்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. பல்பு அணைந்தது. காற்றாடி உறுமத் தொடங்கியது.

மணிப்பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். எங்கும் அடிக்கவில்லை. கணக்கு பூஜ்யமாக இருக்கும்போது மணி அடித்தால். அந்த வரி அவளுக்கு மனப்பாடம்.

“ஜேசுதாஸ் அண்ணா!” காற்றாடி அவள் குரலை விழுங்கியது. இரும்பில் அடித்தாள். கை வலித்தது. வெளியே மேனேஜரின் ஜீப் வந்து நின்று, ஹாரன் அடித்து, காத்திருந்து, கிளம்பிப் போயிற்று. யாரை ஏற்றிக்கொண்டு போயிற்று? அனல் கணுக்காலில் தொடங்கி மேலே ஏறியது.

ஒருத்தி போய்விட்டாள். கடைசியாக நுழைந்தவள் அவள். எண்ணப்பட்டவள்.

மற்றவர்கள்?

மத்தியானம் முழுக்க அவள் எண்ணைத்தான் அழித்தாள். ஆட்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

பின்னால் வளையல் ஒலித்தது. கம்பளிகள் உரசின. தரையில் பலர் சற்றுச் சற்று நகர்ந்து இடம் விடும் சத்தம்.

“தள்ளி உக்காருங்கடி. புள்ள எத்தன நேரம் நிக்கும்?”

அன்பான குரல். வெற்றிலை வாடை கழுத்தருகே வந்தது.

“பயப்படாத கண்ணு. மொதல்ல அப்படித்தான் இருக்கும். கிட்ட வா சாமி, குளுரு காயலாம்.”

அவள் கதவுக் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டாள். நடைக்கு அப்பால் அந்தப் பூஜ்யம் அசையாமல் நின்றது. திரும்பக் கூடாது. திரும்பினாள். கண்ணாடி வழியே கசிந்த பச்சை வெளிச்சத்தில் முகங்கள் தெரியவில்லை. கைகள் தெரிந்தன. அனல் வரும் பக்கம் விரல் விரித்து நீட்டிய கைகள், மழையில் ஊறி வெளுத்தவை.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

கடைசிக் கையில் அவளுடைய கடிகாரம் இருந்தது.