இலை மறைப்பு

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த கண்ணாடிக்கடைக்காரன், குழந்தை தூங்கும் அறையில் வெயில் அளவுக்கு மீறி அடிப்பதைப் பார்த்து ஜன்னல் பக்கம் போனபோது, திரைத்துணியில் ஒரு சதுரம் இல்லாமல் இருந்தது. கிழியவில்லை. எலி கடிக்கவும் இல்லை. அளவெடுத்து வெட்டியது மாதிரி, தொட்டிலுக்கு நேரான இடம் மட்டும் சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தது. வெட்டிய துண்டு வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

“நீங்கதான் ஏதாவது போட்டோவுக்குன்னு வெட்டியிருப்பீங்க,” என்றாள் மனைவி, ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. “புதுப் போர்வையக் கத்தரிச்சு எறும்புக்குப் பின்னால மாட்டின ஆளுதானே நீங்க?”

கிண்டலில் நியாயம் இருந்தது. பகல் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவன், மீதி நேரமெல்லாம் கேமராவும் கையுமாக அலைவான். சுவரில் காயும் பாசி, மழைத் தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செருப்பு, எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் இந்தத் திரையை அவன் தொடவில்லை.

புதன்கிழமை மதியம் கொசுவலை. தொட்டிலின் மேல் கவிழ்ந்திருந்த வலையில், குழந்தையின் முகத்துக்கு நேராக வட்டமாக ஓர் ஓட்டை. மூன்றாம் மாடி, கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அறை முழுக்கப் பச்சை இலையை நறுக்கினால் வருகிற வாசனை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஜன்னலை ஒட்டிய மரத்தில் ஒரு கொண்டைக்குருவி இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. கூட்டை மூடியிருந்த இலைகளால் படம் இருட்டாக விழுந்ததால், கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஒவ்வோர் இலையாகக் கத்தரித்துவிட்டான். வெளிச்சம் பிரமாதமாக விழுந்தது. கூடு அவன் கண்ணுக்குத் தெரிந்ததுபோலவே காகத்தின் கண்ணுக்கும் தெரிந்தது. கையைத் தட்டியிருந்தால் போதும், குஞ்சுகளைத் தின்ன வந்த காகம் பறந்து போயிருக்கும். தாய்க்குருவி கத்திக் கத்திக் கம்பியில் மோதிக்கொண்டிருக்க, அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டில், குஞ்சுகள் பறந்துவிட்டன என்று சொல்லிவைத்தான்.

இப்போது அந்தக் குருவி ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்தது. விரட்டினான். அசையவில்லை. அது தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“அடப் பாவி! அதுவும் ஒரு தாய்தானே?” அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். “நான் பாப்பாவத் தூக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்.”

“நாளைக்கு ஒரே ஒரு நாள் பொறும்மா. கடையச் சாத்திட்டுக் கேமராவோட உட்கார்றேன். யாரு, என்னன்னு படத்துல மாட்டிரும்.”

“இப்பவும் உங்களுக்குப் படம்தானா?” என்றாள். அவன் விடாமல் கெஞ்சியதில், மதியம் வரைக்கும்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, குழந்தையைக் கூடத்துக் கட்டிலில் தூங்கவைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டதும் அவன் எழுந்தான். தொட்டில் காலியாக இருந்தால் அது வராது என்று காலையிலிருந்தே அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. குழந்தை விழிக்காமல் தூக்கிவந்து தொட்டிலில் கிடத்தினான். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. மூலையில் உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தான்.

மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது. பிறகு ஒவ்வொரு சத்தமாக அடங்கி, குழாய்ச் சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. பச்சை வாசனை மூக்கை அடைத்தது.

நறுக்.

ஜன்னலின் முதல் கம்பி இல்லை. விழுந்த சத்தமும் இல்லை.

நறுக். நறுக்.

இப்போது கம்பிகளே இல்லை. சுவர் விளிம்பில் அந்தக் குருவி. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் வானம் மறைந்தது.

அவன் எழப் பார்த்தான். கால் வரவில்லை. கையைத் தட்டப் பார்த்தான். இரண்டு கையும் கேமராவை விடவில்லை. கத்தினான். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. கண்ணை மூடவும் முடியவில்லை.

சிறகடித்த காற்றில் கொசுவலை பறந்து போனது. தொட்டில் விளிம்பை ஒரு கறுத்த காகக் கால் பற்றியது. மனிதக் கை அளவுக்கு விரல்கள். குழந்தை விழித்தது.

லென்ஸ் தானாகத் திரும்பிப் படத்தைத் தெளிவாக்கியது. தொட்டிலுக்குள் அலகு இறங்கியது. அவன் விரல் அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது.