வலப்பக்கத்துச் சட்டைப்பை

என் தபால்காரர் இங்கே என்ன செய்கிறார்...?

மழைக்கு ஒதுங்கிய தையல்கடையில், ஈரக் குடையை மடக்கக்கூட மறந்து நின்றாள் அவள். சுவரில், சட்டத்துக்குள், மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார் அந்தத் தபால்காரர். மூன்று வருடம் முன்பு அவள் எடுத்த படம். இணையத்தில் போட்ட மறுவாரமே களவு போனது. ஓரத்தில் இருந்த அவள் பெயரை யாரோ நறுக்கியிருந்தார்கள். அதை அச்சிட்டு விற்பதாகக் கேள்விப்பட்ட நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். விற்றதே இல்லை என்று சாதித்தார்கள். விற்றார்கள் என்று காட்ட இவள் கையில் ஓர் அச்சுப் பிரதிகூட இல்லை.

"திருட்டுப் படத்தை மாட்டி வச்சிருக்கீங்க," என்றாள்.

அளவு கொடுக்க வந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரனின் பெரிய கண்கள் ஒரு கணம் இருண்டன... கடையில் வாங்கியதுதான், ரசீது இருக்கிறது என்றான். குரலில் ரோஷம்.

சே, நாலு பேர் முன்னால் அவனைத் திருடனாக்கிவிட்டேனே... மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மழையிலேயே படியிறங்கினாள்.

"எடுத்தது நீங்கன்னா ஒண்ணு கேக்கணும்," பின்னாலிருந்து அவன் குரல். "அவருக்கு சட்டைப்பை ஏன் வலது பக்கம் இருக்கு? ஒரு வருஷமா உறுத்துது."

அவள் நின்றுவிட்டாள். இணையத்தில் போடும் ஒவ்வொரு படத்தையும், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றித்தான் போடுவாள். நேரான படம் எடுத்தவளிடம் மட்டுமே இருக்கும். கூடவே இருக்கும் அக்காகூட இதைக் கண்டுபிடித்ததில்லை.

அதையும், நிறுவனம் சாதிப்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"பித்தானும் பொம்பளைங்க சட்டை மாதிரி பக்கம் மாறி இருந்துச்சா... பாவம், அவசரத்துல பொண்டாட்டி சட்டைய மாட்டிட்டு வந்துட்டாருன்னு நெனச்சேன்."

அந்த நிறுவனத்தின் பெயர் போட்ட ரசீதோடு படத்தையும் அவனே இறக்கி, துணியில் சுற்றிக் கொடுத்தான். நேரான படத்தையும் அதையும் நிறுவனத்தின் மேசையில் அருகருகே வைத்தாள். இனி அவள் பெயர் போட்டுத்தான், அவள் சம்மதம் கேட்டுத்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வருடப் பாரம்... இறங்கியே விட்டது.

கால்கள் தாமாகத் தையல்கடைக்கு வந்தன. இந்தத் தடவை மன்னிப்பு சுலபமாக வந்தது.

அவன் வெறுமையான சுவரைப் பார்த்தான். "இத்தனை நாள் படத்துக்காகத்தான் நிமிர்ந்து பாப்பேன். இப்ப வாசலையே பாத்துட்டு இருக்கேன்... நீங்க வருவீங்கன்னு." நூல்கண்டை விரலில் உருட்டினான். "அந்த நேரான படத்தை எனக்கு அனுப்புவீங்களா?"

"மாட்டேன்," என்றாள் மெல்ல. "வீட்டுக்கு வந்து பாத்துக்கோங்க... அக்காகிட்ட சொல்லிட்டேன்."