சிவப்புக்குக் கீழே பொடி எழுத்து

வெயில் ஏறுமுன்பே தையல்நாயகி தன் வண்டல் அள்ளியின் மூட்டுகளுக்கு கிரீஸ் வைத்து, எண்ணெய்க் குழாய்களின் முனைகளைத் துடைத்து முடித்துவிட்டாள். இன்று மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்; பார்க்க வருவது அள்ளியைத்தான்.

கடல் உள்ளே வந்தபின் வேதாரண்யம் பக்கத்தில் எல்லோருக்கும் பிழைப்பு சேற்றில்தான். வாய்க்கால் தூர்ந்துகொண்டே இருக்கும், அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வீட்டில் வண்டி இருக்கும். இன்னொரு வீட்டில் அதன் முன்னால் பூட்டுகிற ஹைட்ராலிக் அள்ளி இருக்கும். இரண்டிலும் ஓர் 'ஆளி' உண்டு. எண்ணெய் எந்த வேகத்தில் பாய வேண்டும் என்று முடிவு செய்கிற மின்னணு மூளை அது. தன் வீட்டாரின் போக்கை ஆண்டுக்கணக்கில் படித்து வைத்திருக்கும். அப்படிப் படித்ததை அழித்தால் அள்ளி வெறும் இரும்பு. ஆகவே சம்பந்தம் பேசுமுன் பூட்டிப் பார்ப்பார்கள். பச்சை எரிந்தால் தாம்பூலம். சிவப்பு எரிந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மறைக்காடன் வண்டியோடு வந்தான். அம்மாவும் சித்தி வேதவல்லியும் பின்னால் வந்தார்கள். வாய்க்கால் வேலையில் எதிர்க்கரையில் நின்று தையல்நாயகியிடம் கேலி பேசியே பழகியவன் அவன். வேறு எவன் வண்டியிலும் தன் அள்ளியைப் பூட்ட அவளுக்கு மனமில்லை.

இணைப்பு 'டக்'கென்று விழுந்தது. சிவப்பு.

சித்தி செருப்பைத் தேடினாள். தையல்நாயகியோ வண்டியில் ஏறித் திரையருகே குனிந்தாள். சிவப்பைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வது ஊர் வழக்கம். அதன் கீழே பொடி எழுத்து இருப்பதை யாரும் பார்த்ததில்லை. 'ஓட்டம் முரண்படுகிறது. சேர்ந்து ஓட்டிக் கற்கவா?'

"இது கேள்விதானே கேக்குது? வேணாம்னு சொல்லலையே!"

"அமுக்கு புள்ள," என்றான் மறைக்காடன். "வெடிச்சா ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

"வாயைக் கழுவுடா!" என்றாள் அவன் அம்மா.

அமுக்கினாள். சிவப்பு மஞ்சளானது. அவன் வண்டி எண்ணெயை முரட்டுத்தனமாகத் தள்ளியது; அவள் அள்ளியோ மெல்லத் திறந்தே பழகியது. வாசலோர வாய்க்காலில் எடுத்த முதல் அள்ளல் அப்படியே மாமியாரின் பட்டுப் புடவையில் போய் விழுந்தது.

"ஏ புள்ள, வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அடிக்கிறியா?"

"நான் இல்லத்தே! உங்க மவன் தள்ளுற வேகம்!"

அள்ள அள்ள வண்டி தணிந்தது, அள்ளி சுறுசுறுப்பானது. உச்சிப்பொழுதில் சேறு சிந்துவது நின்றுவிட்டது. ஆனாலும் விளக்கு மஞ்சள்தான். 'கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்றது திரை.

"பச்சை வரலீங்களே," என்று இழுத்தார் தையல்நாயகியின் அப்பா.

மாமியார் முந்தானைச் சேற்றை வழித்துப் போட்டாள். "எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் பூட்டுனதுமே பச்சைதான். அதோட சரி, அவரும் ஒண்ணும் கத்துக்கலை, நானும் கத்துக்கலை. இந்த மஞ்சளே போதும், தட்டை எடுங்க."

வாசலே சிரித்தது. வேதவல்லி மட்டும் சிரிக்காமல் வண்டியருகே வந்தாள்.

"தையலு, தெற்குத் தெரு வைரவன் வண்டி இன்னும் ஓடுதா?"

சிரிப்பு அடங்கியது. ஒரு காலத்தில் அந்த வண்டியில் வேதவல்லியின் அள்ளிக்கு எரிந்த சிவப்பும், அதன்பின் அவள் கல்யாணமே செய்துகொள்ளாததும் ஊருக்கே தெரியும்.

"ஓடுது சித்தி. தனியாத்தான் ஓட்டுறாரு."

"அப்ப வண்டியைத் திருப்பு. கொட்டாயில கெடக்குற என் அள்ளியை ஏத்திக்கிட்டுப் போவோம்."